நான் நின்ற இடம்

நூற்று நாற்பத்தொரு நாட்களாக
விபத்தே இல்லை என்றது வாசல் பலகை.
அதன் கீழே
மயிரிழையில் தப்பியவற்றை எழுதிப் போடச் சொல்லி
ஒரு மஞ்சள் பெட்டி.
பூட்டில் உப்புப் பூத்திருந்தது.
திறந்தேன்:
ஒரு மிட்டாய்த் தாள்,
போன கோடையில் செத்த ஓர் ஈ.

கெயோன் துறைமுகம், சிலியின் தெற்கு.
வாரத்தில் ஏழு நாளும் மழை,
எட்டாவதாய் ஒன்றிருந்தால் அன்றும்.
சால்மன் ஆலைக்குள் நான்கு டிகிரி.
"இவர்களுக்குப் பாதுகாப்பு உணர்வு போதாது,
மூன்று நாள் பயிற்சி கொடுங்கள்" என்றார்கள்
தலைநகரிலிருந்து என்னை வரவழைத்தவர்கள்.
நடத்தை அறிவியல் படித்தவள் நான்.
உணர்வு என்ற சொல் காதில் விழுந்தால்
கை தானாகப் பென்சிலைத் தேடும்.
யார், எப்போது, எதைச் செய்தார்,
செய்த மறுநொடி அவருக்கு என்ன கிடைத்தது?
எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவே.

ஒன்பது நாள் நின்றேன், கோடு கோடாய்ப் போட்டேன்.
கம்பிக் கையுறை பெரிய அளவில் மட்டும் வந்தது;
எதுவினா நவெல்கினின் விரல்கள்
அதற்குள் தொலைந்து போயின.
"போட்டால் மீன் நழுவும்,
கழற்றினால் மேலாளர் கத்துவார்.
மீன் நிமிடத்துக்கு நாலு முறை நழுவும்,
மேலாளர் வாரத்துக்கு ஒரு முறை வருவார்" என்றாள்.
நான் இரண்டு வருடம் படித்ததை
மூக்கை உறிஞ்சிக்கொண்டே
சொல்லி முடித்துவிட்டாள்.

பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.
எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்தது.
முள் எடுக்கும் ரெமிஹியோ மட்டும்
கழிப்பறைக்குப் போகிற வழியில்
என்னிடம் அல்ல, சுவரிடம் சொன்னான்:
கடைசியாக எழுதியவள் ஒரு பெண்.
பட்டையில் முழங்கை உரசியதை எழுதினாள்.
அந்த மாதம் அந்த ஷிஃப்டுக்கே ஊக்கத்தொகை இல்லை.
யாரும் திட்டவில்லை.
சாப்பாட்டு மேசையில் அவள் பக்கத்து நாற்காலி
காலியாகவே இருந்தது, அவள் ஊரைவிட்டுப் போகும்வரை.

ஆக, ஆலை ஏற்கெனவே பயிற்சி கொடுத்திருந்தது.
ஒரே பாடம், ஒரே நாள்.
முந்நூறு பேரும் தேறியிருந்தார்கள்.

என் மூன்று நாள் பயிற்சியைக் கைவிட்டேன்.
சின்னக் கையுறை வாங்கச் சொன்னேன்.
சீட்டையும் சம்பளத்தையும் கட்டிய கயிற்றை
அறுக்கச் சொன்னேன்.
"பரிசு இல்லாவிட்டால்
யார் கவனமாக இருப்பார்கள்?" என்றார் கணக்கர்.
விரல் இருக்கிறவர்கள், என்றேன்.
மறுநாள் மன்னிப்புக் கேட்டேன்;
அவர் கையெழுத்து வேண்டியிருந்தது.

திங்கள், காலை ஆறு மணி.
மேற்பார்வையாளர் குமெர்சிந்தோ தொப்பியைக் கழற்றினார்.
பேசியபடி, முதல் தவறு அவருடையதாக இருக்க வேண்டும்.
நாற்பது நொடி.
குளிர்பெட்டிகளின் உறுமல் மட்டும்.
"வியாழக்கிழமை
பட்டையை நிறுத்தாமல் கைவிட்டு மீனை இழுத்தேன்.
சட்டைக்கை போனது.
கை வந்தது."
யாரும் கைதட்டவில்லை.
பின்வரிசையில் யாரோ இருமினார்,
இருமலைப் போல் இல்லாத ஓர் இருமல்.

செவ்வாய், பெட்டி காலி.
புதன், கையுறை வந்தது, பெட்டி காலி.
வியாழனன்று ஈயைக்கூட எண்ணத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஒரு சீட்டு.
உருளைக்கிழங்கு ரொட்டியின் எண்ணெய்க் கறை,
பெயரில்லை, முட்டி மோதும் எழுத்து:

"நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் அந்த அம்மா
மூன்றாம் வரிசைச் சிவப்புப் பொத்தானை
முதுகால் மறைக்கிறார்.
பட்டையை அவசரமாய் நிறுத்த வேண்டுமென்றால்
அவரைத் தள்ளிவிட்டுத்தான் கை நீட்ட முடியும்.
வந்த நாளிலிருந்தே இப்படித்தான்."

இரண்டு முறை வாசித்தேன்.
என் குறிப்பேட்டில்
எல்லோருடைய கைகளும் இருந்தன.
என் முதுகு இல்லை.

சீட்டைப் பலகையில் ஒட்டினேன்,
அந்த நூற்றுச் சொச்சத்தின் மேலேயே.
கீழே எழுதினேன்:
உண்மை. நகர்ந்துவிட்டேன். நன்றி.

மாலைக்குள் இன்னும் நான்கு விழுந்தன.
ஒன்றில், பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள்
இரண்டு வருடமாய் விழுவதில்லை என்று.
அதையும் எண்ணிக்கையில் சேர்த்தேன்.